கேரட்டு எஞ்சினும் என் இடது காலும்

ரயில்வே காலனித் தோழர்களே, நீங்களெல்லாம் ஓடிப்போய் எஞ்சின் பார்த்தவர்கள். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தவள். எஞ்சின்கள் நிற்கும் லோகோ ஷெட்டுக்கும் நம் வீட்டு வரிசைக்கும் நடுவே இருந்த தண்ணீர்த் தொட்டியின் சிமெண்டு விளிம்புதான் என் இடம். சிக்னல் கம்பம் வரை பந்தயம் ஓடிவிட்டு மூச்சிரைக்கத் திரும்பும்போது, "என்ன எஞ்சின்டி போச்சு?" என்று என்னிடம்தான் கேட்பீர்கள். பாசஞ்சர் இழுக்கும் எஞ்சினுக்குச் சக்கரம் பெரிசு. கூட்ஸ் இழுப்பதற்குச் சக்கரம் சிறிசு, ஆனால் எண்ணிக்கை கூட. தண்ணீரைத் தன் இடுப்பிலேயே கட்டிக்கொண்டு பெட்டிகளை முன்னும் பின்னும் தள்ளும் குட்டி எஞ்சினுக்குக் கோபம் அதிகம். எப்போதாவது ஒரு டீசல் வந்து நிற்கும். வயிற்றுக்குள் என்ன நடக்கிறதென்று வெளியே காட்டாத எஞ்சின் என்பதால் அதன்மேல் நமக்கு மரியாதை வரவில்லை.

போன மாதம் காளவாசல் பஸ் நிறுத்தத்தில் நம் டிரைவர் மகனைப் பார்த்தேன். அவனும் இப்போது தடி ஊன்றித்தான் நடக்கிறான். "பாத்தியா, இப்ப நீயும் நானும் ஒரே ஸ்பீடு" என்று சிரித்தான். பிறகு, "ஒங்க மாமா ஒருத்தர் வந்து கேரட்டு எஞ்சின்னு கதை விட்டாரே, அவரு என்ன ஆனாரு?" என்று கேட்டான். பஸ் வந்துவிட்டது. நின்று சொல்ல முடியவில்லை. அவனுக்கும் உங்களுக்கும் சேர்த்து இங்கே சொல்கிறேன்.

மூன்று வயதில் வந்த காய்ச்சலில் என் இடது கால் சூம்பிப்போனது உங்களுக்குத் தெரியும். பெரியாஸ்பத்திரியில் காலிப்பர் கொடுத்தார்கள். இரண்டு பக்கமும் இரும்புப் பட்டைகள், அவற்றைத் தொடையிலும் கெண்டையிலும் கட்டத் தோல் வார்கள், கீழே ஒரு கனத்த பூட்ஸ். அதை வாங்குவதற்கு அப்பா எத்தனை முறை ஆஸ்பத்திரி வராண்டாவில் காத்துக் கிடந்தார் என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. வெயில் காலத்தில் தோல் வார் வியர்வையில் ஊறி, ஈர மாட்டுக் கொட்டகை போல ஒரு வாசனை வரும். அம்மா அதைத் தினமும் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவுவாள். அதை மாட்டிக்கொண்டால் நான் நிற்கலாம், நடக்கலாம். மடக்கத்தான் முடியாது. சாப்பிட உட்கார்ந்தால் என் கால் வீட்டுக்குக் குறுக்கே ஒரு கட்டை போல நீண்டு கிடக்கும். எல்லோரும் தாண்டித் தாண்டிப் போவார்கள். நான் நடக்கும் சத்தத்துக்கு நீங்கள் எனக்கு வைத்த பட்டப் பெயர் 'கூட்ஸ்'. கோபம் இல்லை. கூட்ஸ் எஞ்சின் எனக்கும் பிடிக்கும்.

நான் ஐந்தாவது முடித்த அந்தப் பங்குனியில்தான் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. மீசை முளைக்கும் முன்பே வீட்டைவிட்டு வடக்கே ஓடிப்போனவர். சக்ரதர்பூர் பக்கம் ஒரு எஞ்சின் ஷெட்டில் கூலியாகச் சேர்ந்து, பிறகு ஃபிட்டர்களுக்குக் கையாளாக இருந்து வேலை கற்றுக்கொண்டவர். அங்கே பழைய எஞ்சின்களை ஓரங்கட்டியபோது இவருக்கும் வேலை போனது. ஒரு தகரப் பெட்டியோடு வந்து, "அக்கா, ஊருக்கே வந்துட்டேன்" என்று வாசலில் நின்றார். அம்மா அழுதாள். ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலையில் இருந்த அப்பா, பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "உன் தம்பி எம்புட்டு நாளைக்கு இருப்பானாம்?" என்று மட்டும் கேட்டார். ஊரைவிட்டு ஓடியவன் நம்பத் தகாதவன் என்பது அப்பாவின் தீர்மானம். அவர் மாமாவை எந்த உறவுமுறை சொல்லியும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

அன்று சாயங்காலம் தொட்டி விளிம்பில் மாமாவும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நீங்களும் சுற்றி நின்றீர்கள். "இதெல்லாம் என்னடா எஞ்சினு! நான் பாத்த எஞ்சினுக்கு ரெண்டு பக்கமும் எஞ்சினு, நடுவுல ஒரே பாய்லர்" என்றார்.

"அப்ப எந்தப் பக்கம் முன்பக்கம்?" என்று டிரைவர் மகன் கேட்டான்.

"எந்தப் பக்கம் போகுதோ அது முன்பக்கம். காரட் எஞ்சின்னு பேரு. அதச் செஞ்ச வெள்ளக்காரன் பேரு அது."

அவ்வளவுதான். "கேரட்டு எஞ்சினு, கேரட்டு எஞ்சினு" என்று காலனி முழுக்கக் கூவிக்கொண்டு ஓடினீர்கள். அப்பாவின் காதுக்கும் போனது. "கேரட்டு எஞ்சினாம். அடுத்தது முட்டைக்கோசு எஞ்சினு வரும்" என்று ராத்திரிச் சாப்பாட்டில் சொன்னார். மாமா தலை குனிந்து ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

நான் ஒருத்திதான் நம்பினேன். ஓட முடியாததால், ஓடிப்போகாமல் உட்கார்ந்து மீதியையும் கேட்டவள் நான் ஒருத்திதான். மறுநாள் அவர் மூன்று தீப்பெட்டிகளைச் சிமெண்டின் மேல் வரிசையாக வைத்துக் காட்டினார். மலைப் பாதையில் பாரம் இழுக்க நீளமான, பலமான எஞ்சின் வேண்டும். ஆனால் நீளமான எஞ்சின் வளைவில் திரும்பாது. விறைத்துக்கொண்டு தண்டவாளத்தைவிட்டு இறங்கிவிடும். அதனால் முன்னால் ஒரு சக்கரக் கூட்டம், பின்னால் ஒரு சக்கரக் கூட்டம். இரண்டின் மேலும் நடுப்பெட்டி ஒவ்வொரு அச்சில் உட்கார்ந்திருக்கும். வளைவு வந்தால் முன்னது ஒரு பக்கம் திரும்பும், பின்னது இன்னொரு பக்கம் திரும்பும். "அந்த அச்சுலதான் எனக்கு வேலை பாப்பா. நீராவிக் கொழாயும் கூடவே மடங்கணும், ஒழுகவும் கூடாது. தெனமும் கெரீசு போடணும். அம்புட்டு எடையும் அதுமேலதான்." தீப்பெட்டிகளை வளைவாகத் தள்ளிக் காட்டியபோது அவர் விரலிடுக்கில் ஏறியிருந்த கறுப்பைப் பார்த்தேன். எந்தச் சோப்புக்கும் போகாத கறுப்பு.

சித்திரை பிறந்ததும் அப்பா என்னை ஆறாம் வகுப்பில் சேர்க்கப் பெரிய பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனார். ஐந்தாவது வரை தரையில் உட்கார்ந்தே படித்துவிட்டேன். இங்கே மேசையும் பெஞ்சும் ஒன்றோடொன்று இணைத்து அடித்தவை. உள்ளே நுழைந்து உட்கார வேண்டுமென்றால் முழங்கால் மடங்க வேண்டும். என் கால் மேசைக்கு வெளியே, நடைபாதையில் நீட்டிக்கொண்டு நின்றது. தலைமையாசிரியை அம்மா நல்லவர்தான். "கதவோரம் தனியா ஒரு நாற்காலி போட்டுத் தாரேன் சார், அங்க உக்காரட்டும்" என்றார். அப்பா அதைக் கேட்டு முகம் சிவந்துபோய், என்னைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

வீட்டில் வந்து, "படிச்சது போதும். எம் பிள்ளையத் தனியா ஒதுக்கி வச்சுப் படிக்க வைக்க வேண்டியதில்ல" என்றார்.

அந்த அம்மா இடம் கொடுக்கத்தான் பார்த்தார். அப்பாவுக்கு அது விலக்கி வைப்பதாகப் பட்டது. மகள் ஒரு மூலையில் தனியாக உட்காருவதைக் கற்பனையில்கூடத் தாங்காத மனிதர், அதற்குப் பதிலாக அவளை வாழ்நாள் முழுக்க வீட்டின் மூலையில் உட்கார வைக்கத் தயாராகிவிட்டார். அன்பு சில நேரம் இப்படித்தான் கணக்குத் தப்பும். அப்பாவின் வயதை நான் தாண்டிய பிறகுதான் இது எனக்கு விளங்கியது. அன்றைக்கு நான் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து அழுதேன். குட்டி எஞ்சின் வந்து தண்ணீர் பிடித்துக்கொண்டு போனது. என்ன எஞ்சின் போச்சு என்று கேட்க அங்கே யாரும் இல்லை.

அம்மா அப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. பேசத் தெரியாதவள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மறுநாள் அப்பா வேலைக்குப் போனதும் அடுப்படியில் அவள் மாமாவிடம் கேட்டாள்.

"தம்பி, நீ இரும்பு வேலை பாத்தவன்தான?"

"ஆமாக்கா."

"இந்தக் காலிப்பர முட்டிக்கிட்ட மடக்க முடியுமா?"

மாமா என் கால் பக்கம் திரும்பிப் பார்த்தார். முட்டிப் பக்கம் பட்டையை விரலால் தட்டிப் பார்த்தார். "அறுக்கணும்க்கா. அறுத்துட்டா பழையபடி ஒட்டுறது கஷ்டம்."

"அறு" என்றாள் அம்மா.

மாமா அப்போது காளவாசலில் ஒரு லேத் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அம்மாவின் இடுப்பில் ஏறிக்கொண்டு அங்கே போனேன். இரும்புத் தூள் மணமும், எண்ணெய் சூடேறும் மணமும், பக்கத்து டீக்கடையின் வடை மணமும் கலந்து வந்தன. என் காலிப்பரை இடுக்கியில் மாட்டி, இரும்பு அறுக்கும் ஆக்சா பிளேடை வைத்து மாமா முதல் இழுப்பு இழுத்தபோது, என் பல் கூசியது. அம்மா என் கண்ணைப் பொத்தவில்லை. தன் கண்ணை மூடிக்கொண்டாள். அப்பா சாயங்காலம் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று மாமா வியர்வை சொட்ட வேலை செய்தார். அறுத்த இடத்தில் இரண்டு பட்டைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஓட்டை போட்டு, குறுக்கே ஒரு அச்சு. "நம்ம எஞ்சின்ல இருந்த மாதிரியே" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

வீட்டுக்கு வந்து மாட்டினோம். உட்கார்ந்தேன். முழங்கால் மடங்கியது! நானும் அம்மாவும் சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பிறகு எழுந்து நின்று, குழாயடி வரை நடக்கிறேன் பாருங்கள் என்று கிளம்பினேன். சில எட்டுகள்தான் வைத்திருப்பேன். பாரம் இடது காலுக்கு மாறிய நொடியில் அது துணி மாதிரி மடிந்தது. குழாயடிக் கல்லில் முகம் போய் மோதியது. முன்பல் உடைந்து, தாடை கிழிந்து, சட்டையெல்லாம் ரத்தம்.

அதே நேரத்தில் வேலை முடிந்து அப்பா தெருவில் வந்துகொண்டிருந்தார்.

என்னைத் தூக்கினார். காலைப் பார்த்தார். அறுத்த இரும்பைப் பார்த்தார். "யாரக் கேட்டு அறுத்த?"

"மச்சான், பாப்பா பெஞ்சில உக்காரணும்னு..."

"வாயில எஞ்சின் ஓட்டுனது போதாதுன்னு எம் பிள்ளை கால்லயும் ஓட்டிப் பாத்தியாக்கும்? இதுக்கு நான் எம்புட்டு அலைஞ்சேன்னு தெரியுமா உனக்கு?"

"அவன் மேல தப்பில்ல" என்று அம்மா முன்னால் வந்தாள். "நாந்தேன் அறுக்கச் சொன்னேன்."

அப்பா அவளை முன்பின் தெரியாத ஒருத்தியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு மாமாவிடம் திரும்பி, "இனிமே இந்த வாசப்படி மிதிக்காத" என்றார்.

என் தாடைக்குத் தையல் போட்டு வீடு திரும்பியபோது மாமா இல்லை. தகரப் பெட்டி இல்லை. காலிப்பரும் இல்லை. "அதையும் தூக்கிக்கிட்டு ஓடிட்டான் பாரு. அவனுக்கு ஓடத்தான தெரியும்" என்றார் அப்பா. காலிப்பர் இல்லாமல் நான் தரையில் தவழ்ந்தேன். பதினோரு வயதுப் பெண் தவழ்வதை நீங்கள் யாரும் பார்க்கக் கூடாது என்று கதவை எப்போதும் சாத்தியே வைத்தார்கள். எஞ்சின்களைச் சத்தத்தில் மட்டும் கேட்டேன். அந்த நாட்களில்தான் நீங்கள் சன்னல் வழியாகப் புளியங்காயும் நாவல் பழமும் போட்டுவிட்டுப் போனீர்கள். மறக்கவில்லை.

கடைசியில் அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு டவுன் பஸ் ஏறிப் பெரியாஸ்பத்திரிக்குப் போனார். வேறு காலிப்பர் கிடைக்குமா என்று கேட்க வேண்டும். அறுத்த கதையை எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் உதட்டுக்குள் பேசிக்கொண்டே வந்தார். அம்மாவும் கூட வந்தாள். எலும்பு டாக்டர் அறைக்கு வெளியே நீண்ட பெஞ்ச். அதன் கடைசியில் மாமா உட்கார்ந்திருந்தார். மடியில் என் காலிப்பர்.

அப்பா நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். மாமாவும் எழுந்து நின்றார். இருவரும் பேசுவதற்குள் டாக்டரே வெளியே வந்தார். என் தாடைத் தையலைப் பார்த்துவிட்டு, "இவதான் அந்தப் பாப்பாவா?" என்று மாமாவிடம் கேட்டார்.

பிறகு அப்பாவிடம் சொன்னார்: "இவரு மொத நாள் வந்து, 'நான்தான்யா அறுத்தேன், பிள்ளை விழுந்துருச்சு, என்ன தப்புன்னு சொல்லுங்க'ன்னு நின்னாரு. திட்டி அனுப்பிட்டேன். மறுநாளும் வந்து நின்னாரு. முட்டி மடங்குற காலிப்பரும் இருக்கு சார். ஆனா நிக்கும்போது அதைப் பூட்டணும், அதுக்கு ஒரு வளையம் உண்டு. பெரியவங்களுக்குத்தான் அதைக் குடுப்போம், வளர்ற பிள்ளைக்கு அடிக்கடி மாத்தணுமேன்னு குடுக்கல. வேற ஒருத்தரோட காலிப்பரைக் காட்டுனேன். பாத்துட்டுப் போயி அதே மாதிரி செஞ்சு கொண்டாந்திருக்காரு. நான் பாத்துட்டேன், சரியாத்தான் இருக்கு. பிள்ளைய எப்படியும் இங்கதான் கொண்டாருவீங்கன்னு காத்துக் கிடக்காரு. போட்டுப் பாருங்க."

மாமா தரையில் உட்கார்ந்து என் காலில் அதை மாட்டினார். வார்களை இழுத்துக் கட்டி, என்னை நிறுத்தி, முட்டியில் வளையங்களைக் கீழே தள்ளிப் பூட்டினார். தலையைத் தூக்காமலே சொன்னார்: "அந்த எஞ்சினுக்கு எப்பவும் மடங்கணும் மச்சான். காலுக்கு அப்பிடி இல்ல. நிக்கும்போது மடங்கக் கூடாது. அந்த வித்தியாசம் எனக்குத் தெரியாமப் போச்சு."

அப்பா குனிந்து, பூட்டிய இடத்தைத் தன் கையால் அழுத்திப் பார்த்தார். இன்னும் பலமாக அழுத்தினார். மடங்கவில்லை. பிறகு எனக்கு முன்னால் சற்றுத் தள்ளிப்போய், அந்த ஆஸ்பத்திரித் தரையில், எத்தனையோ பேர் பார்த்துக்கொண்டிருக்க, மண்டியிட்டு இரண்டு கைகளையும் விரித்து வைத்துக்கொண்டார்.

"வா" என்றார்.

போனேன். விழவில்லை. திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். மாமா சொன்னபடி இரண்டு பக்க வளையங்களையும் மேலே தூக்கினேன். முழங்கால் மெதுவாக மடங்கி, பூட்ஸ் தரையைத் தொட்டது. பாவாடை தொடையின் மேல் தாழ்ந்து படிந்தது. அம்மா பையிலிருந்து ஒரு கொய்யாப் பழத்தை எடுத்து என் மேல் வைத்தாள். உருண்டு விழாமல் அப்படியே நின்றது. நினைவு தெரிந்த நாளாய் எனக்கு மடி என்று ஒன்று இருந்ததில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. பழத்தைத் தின்னவே மனம் வரவில்லை.

பள்ளிக்கூடம் திறந்த அன்று அப்பா தலைமையாசிரியை முன்னால் போய், "அன்னைக்குப் பேசாமப் போயிட்டேன், மன்னிச்சிருங்கம்மா" என்றார். அப்பா ஒருவரிடம் அப்படிச் சொல்லி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். அந்த அம்மா என்னை முதல் வரிசைப் பெஞ்சில் உட்காரச் சொன்னார். என் பக்கத்தில் உட்கார்ந்தவள், தண்டவாளம் மாற்றிவிடும் நம் பாயிண்ட்ஸ்மேனின் மகள். அவளுக்கு வளையத்தைத் தூக்கிப் போடுவது ஒரு விளையாட்டாகிவிட்டது. பத்தாவது வரை அவள்தான் எனக்கு அதைச் செய்தாள்.

படித்ததால் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை கிடைத்தது. ஓய்வு பெறும்வரை நாற்காலியில் நேராக உட்கார்ந்து வேலை பார்த்தேன். கல்யாணம் ஆனது. மகன் பிறந்தான். அவனை மடியில் போட்டுத்தான் தூங்க வைத்தேன். ஒருமுறை குடும்பத்தோடு டெல்லிக்குப் போனபோது ரயில் மியூசியத்தில் மாமா சொன்ன எஞ்சினைப் பார்த்தேன். அது ஓடவில்லை, நின்றுகொண்டிருந்தது. நடுவில் பாய்லர், இரண்டு பக்கமும் சக்கரக் கூட்டம். பாய்லரைத் தாங்கும் அந்த அச்சு எங்கே என்று குனிந்து தேடினேன். "என்னம்மா தேடுறீங்க?" என்று மகன் கேட்டான். சொல்ல ஆரம்பித்தேன், அழுகை வந்துவிட்டது. தோழர்களே, அது உண்மையாகவே இருந்த எஞ்சின்தான். பெயரில்தான் நாம் காய்கறி விற்றுவிட்டோம்.

மாமா அதற்குப் பிறகு கோயம்புத்தூரில் ஒரு பம்புசெட்டுக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே குடும்பஸ்தரும் ஆனார். ஆனால் டாக்டர் சொன்னதுபோல நான் வளர்கிற பிள்ளை. ஆண்டுக்கு ஒருமுறை பட்டைகளை நீட்ட வேண்டும், அச்சு இருக்கும் இடத்தை மேலே ஏற்ற வேண்டும். எல்லாப் பரீட்சை விடுமுறைக்கும் மாமா வந்தார். சுவரில் என்னைச் சாய்த்து நிறுத்தி, இடுப்பிலிருந்து முட்டிக்கும் முட்டியிலிருந்து பாதத்துக்கும் அளவெடுப்பார். முதல் வருஷம் அப்பா பேப்பருக்குப் பின்னால் இருந்தார். அடுத்த வருஷம் அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்தார். அதற்கடுத்து, மாமா வருகிற நாளில் கறி எடுத்துவர விடியற்காலையிலேயே கிளம்பிப் போகிறவர் அப்பாவாகிவிட்டார். இருவரும் அதிகம் பேசிக்கொண்டதில்லை. ஆனால் சாப்பிட்டு முடித்ததும் ஒரே வெற்றிலைத் தட்டை நடுவில் வைத்துக்கொண்டு, ஷெட்டில் எஞ்சின் நீராவி விடும் சத்தத்தைக் கேட்டபடி நேரம் போவது தெரியாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

நான் கல்லூரியில் சேர்ந்த வருஷம் மாமா வந்து அளந்தார். போன வருஷ அளவேதான் இருந்தது. மறுபடியும் அளந்தார். அதேதான்.

"அம்புட்டுதான் மச்சான். பாப்பா இனி வளர மாட்டா" என்று நாடாவைச் சுருட்டினார். "எனக்கு இனி இங்க வேலை இல்ல."

அப்பா அவர் கையிலிருந்த நாடாவை வாங்கித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அதுக்காக அடுத்த வருசம் வராம இருந்துராதீங்க மாப்ள" என்றார்.